கப்பல் டாக்டராக இருந்து மயக்க மருந்து டாக்டர் ஆனவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்படைக் கப்பல்களில் 9 ஆண்டுகள் மருத்துவராக இருந்தேன். அப்புறம் மறுபடியும் மாணவனாகி மயக்கவியல் படித்தேன். இப்போது ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராக இருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் பயத்தில் பேச்சுக் கொடுக்கும் நோயாளிகள், வெளியே காத்திருக்கும் உறவினர்கள், கடற்படையில் சேரலாமா என்று யோசிக்கும் மருத்துவ மாணவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். நின்றவாக்கில் அவசரமாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

கப்பலில் இருப்பவர்கள் எல்லாரும் திடகாத்திரமான ஆட்கள். அங்கே டாக்டருக்கு என்ன வேலை?

பாதி வேலை வைத்தியமே அல்ல. குடிநீர்த் தொட்டியில் குளோரின் சரியாக இருக்கிறதா, சமையலறையில் இறைச்சி போதிய குளிரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் அறை ஆட்களின் காதுகளைச் சோதிக்க வேண்டும். தடுப்பூசிக் கணக்கும் முதலுதவிப் பயிற்சியும் நம் பொறுப்பு. மீதிப் பாதியில்தான் நோயாளிகள் வருவார்கள்: இரும்புக் கதவில் நசுங்கிய விரல், செங்குத்து ஏணியில் சறுக்கி அடிபட்ட முதுகு, வியர்வையில் வரும் படை, பல்வலி, தூக்கமின்மை, வீட்டு ஏக்கம். கடைசியாகச் சொன்னதற்கு மருந்துப் பெட்டியில் எதுவும் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கேட்பதுதான் வைத்தியம்.

கப்பல் மருத்துவத்தின் பெரிய வெற்றிகூட உணவு சம்பந்தப்பட்டதுதான். 1747-இல் ‘சாலிஸ்பரி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், பழமும் காய்கறியும் கிடைக்காததால் வரும் ஸ்கர்வி என்ற நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்குச் சைடர், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர் என்று கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். பழம் 6 நாளில் தீர்ந்துபோனது, ஆனால் அதற்குள் அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு தர ஆரம்பித்தது 1795-இல்தான். அந்த 48 ஆண்டுகளில் ஈறு அழுகிச் செத்த மாலுமிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

கப்பல் ஆடும்போது டாக்டருக்குக் குமட்டல் வராதா?

வரும். வாளியை மடியில் வைத்துக்கொண்டு நோயாளி பார்த்திருக்கிறேன். புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடைசிவரை அது தீரவில்லை என்பது மாலுமிகள் எல்லாருக்கும் ஒரு ஆறுதல். இதற்குக் கொடுக்கும் ஹயோசின் என்ற மருந்தைத்தான் ஒரு காலத்தில் ஆபரேஷனுக்கு முன் எச்சில் வற்றுவதற்காகவும் மனம் அடங்குவதற்காகவும் போட்டுவந்தார்கள். நான் பிற்பாடு போன துறையின் மருந்து ஒன்று கப்பல் நாட்களிலேயே என் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

நடுக்கடலில் ஒருத்தருக்கு அப்பென்டிக்ஸ் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?

சாப்பாட்டை நிறுத்துவோம். நரம்பில் திரவம் ஏற்றுவோம், ஆன்டிபயாட்டிக் கொடுப்போம், வலிக்கு மருந்து கொடுப்போம். கரையில் இருக்கும் அறுவை மருத்துவரோடு பேசுவோம். ஹெலிகாப்டர் எட்டும் தூரம் என்றால் அனுப்பிவிடுவோம், இல்லையென்றால் கப்பல் திசை மாறும். விமானந்தாங்கி போன்ற பெரிய கப்பல்களில் ஆபரேஷன் தியேட்டரே உண்டு. சின்னக் கப்பலில் இருப்பதெல்லாம் ‘சிக் பே’ என்ற ஓர் அறை, ஒன்றிரண்டு கட்டில், ஒரு டாக்டர், உதவிக்கு ஓர் ஆள். பல கப்பல்களில் டாக்டரும் கிடையாது, மருத்துவ உதவியாளர் மட்டும்தான்.

இதைக் கேட்பவர்கள் அடுத்து அந்த நீர்மூழ்கிக் கதையைக் கேட்பார்கள். அது நடந்த கதை. 1942 செப்டம்பர் 11-ஆம் தேதி, ‘சீடிராகன்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி தென்சீனக் கடலுக்கு அடியில் இருந்தது. டாரெல் ரெக்டர் என்ற 19 வயது மாலுமிக்கு அப்பென்டிக்ஸ். கப்பலில் டாக்டர் இல்லை. வீலர் லைப்ஸ் என்ற 23 வயது மருந்தாளர் உதவியாளர், அதற்கு முன் ஆபரேஷன்களில் கூடமாட நின்ற அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் வயிற்றைத் திறந்தார். காயத்தை விரித்துப் பிடிக்க வளைத்த கரண்டிகள். ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கத் துணி போர்த்திய டீ வடிகட்டி. சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. பையன் இரண்டு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பினான். ஆனால் 1944-இல் ‘டாங்’ என்ற இன்னொரு நீர்மூழ்கி மூழ்கியபோது அதில் இறந்துபோனான்.

எல்லாரும் லைப்ஸின் கையைப் பாராட்டுவார்கள். எனக்கோ அந்த டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றவர்மேல்தான் கண் போகும். அவர் கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி. ஈதர் தீப்பற்றக்கூடியது. மூடிய நீர்மூழ்கிக்குள் அதன் ஆவி போக இடமில்லை. அதிகமானால் மூச்சு நிற்கும், குறைந்தால் நோயாளி எழுந்துவிடுவார். அப்படி இரண்டரை மணி நேரம் ஒரு பையனின் மூச்சைக் காத்தவர் அவர். பின்னாளில் நீர்மூழ்கிகளில் இப்படிக் கத்தி எடுப்பதை விட்டுவிட்டு, ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கரை சேர்ப்பதே வழக்கமானது.

அப்போ நீங்க சர்ஜன்தானே ஆகியிருக்கணும்? மயக்க மருந்துக்கு ஏன் போனீங்க?

ஓர் இரவுதான் காரணம். பம்ப் அறையில் ஒரு மாலுமிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. வலியில் துடித்தவருக்குத் தசையில் மார்ஃபின் போட்டேன். அரை மணி நேரம் கழித்தும் வலி குறையவில்லை, மறுபடி போட்டேன். நரம்பில் திரவம் ஏற்றி, போர்வை போட்டு, உடம்பு சூடானதும் அவர் அமைதியானார். அப்புறம் மிக அமைதியானார். மூச்சு நிமிடத்துக்கு 6 ஆகக் குறைந்து, நாக்கு பின்னால் விழுந்து குறட்டைச் சத்தம் வந்தது. மார்ஃபினை முறிக்கும் மருந்தைக் கொடுத்தேன், விழித்தார். ஆனால் அந்த மருந்து மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடும், என்னிடம் இருந்ததோ இரண்டே குப்பி. விடிந்து ஹெலிகாப்டர் வரும்வரை அவருடைய தாடையை இரு கையாலும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப்போனால் உதவியாளர் பிடித்தார்.

கரை மருத்துவமனையில் ஒரு வயதான மயக்க மருந்து டாக்டர் அவரை ஏற்றுக்கொண்டார். நான் இரவு முழுக்க இரு கையால் செய்ததை இரண்டு விரலால் செய்துகொண்டே, எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். ரத்த ஓட்டம் குன்றிய குளிர்ந்த தசையில் மருந்து தங்கிவிடும், உடம்பு சூடானதும் இரண்டு டோஸும் சேர்ந்து வரும் என்று பொறுமையாக விளக்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தவறு என்னுடையது, புத்தகத்தில் படித்த விஷயம்தான். இந்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அந்த அறையில் நின்றபடியே முடிவு செய்தேன். மாலுமியும் பிழைத்து, காலும் சேர்ந்தது.

மயக்க மருந்து டாக்டர் ஊசி போட்டுட்டு போயிடுவார்ல?

போக மாட்டார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உங்களை மயங்கவைப்பதற்கு முன் சில நிமிடம் முகமூடியில் ஆக்ஸிஜன் தருகிறோமே, அது எதற்கு? மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று தங்கும். அதில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். மூச்சு நின்றால் ஒரு நிமிடம் சொச்சத்தில் அது தீர்ந்துவிடும். அந்த இடம் முழுவதையும் ஆக்ஸிஜனால் நிரப்பிவிட்டால், ஆரோக்கியமான பெரியவருக்கு 8 நிமிடம்வரை தாங்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உடல் பருமனானவர்களுக்கும் அவ்வளவு தாங்காது. பிறகு புரோபோஃபால் போன்ற மருந்து நரம்பில் போகும், அரை நிமிடத்தில் நினைவு போகும். தசைகளைத் தளர்த்தும் மருந்து போட்டால் மூச்சு நிற்கும். அதாவது உங்கள் மூச்சை நாங்களே நிறுத்துகிறோம். அதைத் திரும்பத் தரும் பொறுப்பும் அந்த நொடியிலிருந்து எங்களுடையது. குரல்வளைக்குள் குழாய் போட்டு, வென்டிலேட்டரோடு இணைக்கிறோம்.

அதற்கப்புறம் ஆபரேஷன் முடியும்வரை உங்கள் தலைமாட்டில்தான் இருப்போம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்ஸிஜன், வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு, உடம்புச் சூடு, போன ரத்தம், வந்த சிறுநீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே மருந்தைக் கூட்டிக் குறைப்போம். கண் இமை மூடியிருக்கிறதா, கை எங்கேயாவது அழுந்துகிறதா என்பதைக்கூடப் பார்ப்போம். உங்களுக்குப் பதிலாக வேறொருவர் விழித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இதற்கு ‘வாட்ச்’ என்று பெயர். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள், ஆனால் அடுத்தவர் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் யாரும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

மயக்கம்னா தூக்கம்தானே?

இல்லை. தூங்குபவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார், மயக்கத்தில் இருப்பவரை அறுத்தாலும் எழமாட்டார். 1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்துப் பலர் முன்னால் செய்துகாட்டியதிலிருந்துதான் இது மருத்துவத்தில் நிலைபெற்றது. ‘தூங்கவைப்போம்’ என்று நாங்கள் சொல்வது உங்கள் பயம் குறையட்டும் என்பதற்காகத்தான். தண்டுவடத்தில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையில் நீங்கள் விழித்தே இருப்பீர்கள், பேசலாம்.

கடற்படைக்கும் மயக்க மருந்துக்கும் முன்னாடியே ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, என் மனசுக்கு நெருக்கமான ஒருவர் வழியாக. கனடாவின் ஹரோல்டு கிரிஃபித் முதல் உலகப் போரின்போது மருத்துவ மாணவர். தரைப்படையின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து, விமி ரிட்ஜ் போரில் வீரப் பதக்கம் பெற்றார். பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கு மாறி, மருத்துவப் பணியில் இளநிலை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்து படிப்பை முடித்து, மாண்ட்ரியாலில் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராகத் தன் காலம் முழுவதையும் கழித்தார்.

அவர் செய்த காரியம் என்ன? அதுவரை வயிற்று ஆபரேஷனுக்கு வயிற்றுத் தசை தளர வேண்டுமென்றால் ஈதரையோ வேறு வாயுவையோ ஆபத்தான ஆழம்வரை கொடுக்க வேண்டியிருந்தது. இதயமும் மூச்சும் சேர்ந்து தளர்ந்துபோகும். தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு நுனியில் தடவும் கியூராரே என்ற நஞ்சு தசையை மட்டும் செயலிழக்கச் செய்யும். கொல்லும் மருந்தை யார் துணிந்து மனிதருக்குப் போடுவார்கள்? 1942 ஜனவரி 23-ஆம் தேதி கிரிஃபித்தும் அவருடைய இளம் சகா எனிட் ஜான்சனும், ஆபரேஷனில் இருந்த 20 வயது இளைஞருக்கு அதன் சுத்திகரித்த வடிவத்தைச் சிறிய அளவில் போட்டார்கள். வயிறு மெத்தென்று தளர்ந்தது, ஆபரேஷன் முடிந்ததும் இளைஞர் எந்தச் சிக்கலும் இல்லாமல் விழித்தார். அந்த ஆபரேஷனும் அப்பென்டிக்ஸ்தான். டீ வடிகட்டிக் கதைக்குக் கிட்டத்தட்ட எட்டு மாதம் முந்தியது இது. ஒரே ஆண்டில் ஒரே நோய்க்கு இரண்டு ஆபரேஷன்கள்: ஒன்று மயக்கவியலின் பழைய முகம், மற்றது புதிய முகம். கிரிஃபித் 1955-இல் உலக மயக்கவியல் சங்கக் கூட்டமைப்பின் முதல் தலைவரானார்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. எட்கர் பாஸ்க் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த மயக்க மருந்து டாக்டர், ஆனால் அவருக்குக் கடன்பட்டவர்கள் கடலில் விழுந்தவர்கள். நினைவிழந்து தண்ணீரில் மிதக்கும் ஒருவரின் முகத்தை மேலே திருப்பி வைக்குமா என்று உயிர்காப்பு அங்கிகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. நினைவோடு இருப்பவர் தன்னையறியாமல் நீந்திவிடுவார், பொம்மை மனித உடம்பைப் போல மிதக்காது. எனவே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாஸ்க் தன்னையே ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்குழாய் போட்டு, அங்கியை மாட்டி, குளத்தில் இறக்கச் சொன்னார். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, பலமுறை. அவருக்கு மயக்கம் கொடுத்தவர் ராபர்ட் மேக்கின்டாஷ். அவர் 1943-இல் வடிவமைத்த வளைந்த தகட்டுக் கருவியைக் கொண்டுதான் இன்றும் நாங்கள் குரல்வளையைப் பார்க்கிறோம்.

பேர்ல் ஹார்பரில் குண்டைவிட மயக்க மருந்துதான் நிறைய பேரைக் கொன்னுச்சாமே?

பயிற்சி மருத்துவர்கள் கேட்கும் கேள்வி இது. கணக்குப் போட்டாலே பொய் என்று தெரிந்துவிடும். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியபோது இறந்த அமெரிக்கர்கள் சுமார் 2,400 பேர். அதில் ‘அரிசோனா’ என்ற ஒரே கப்பலில் மட்டும் 1,177 பேர். அவர்களில் பெரும்பாலானோர் எந்த மருத்துவரின் கையையும் எட்டவில்லை. தயோபென்டோன் என்ற மயக்க மருந்து அப்போது புதியது. காயப்பட்டவர்களுக்கு அது எமன் என்று 1943-இல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது, வாய்வழியாக அது பெருகிவிட்டது. பிற்காலத்தில் மருத்துவமனைப் பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்கள், ஒரு சில மரணங்களுக்குமேல் அந்த மருந்தின்மேல் சுமத்த முடியாது என்று கண்டார்கள்.

ஆனால் வதந்திக்குள் ஓர் உண்மை இருக்கிறது. நிறைய ரத்தம் இழந்தவரின் உடம்பு, ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். வழக்கமான அளவு மயக்க மருந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். முதலில் ரத்தம், திரவம், அப்புறம் குறைந்த அளவு மருந்து, அதுவும் மெதுவாக. என் மார்ஃபின் இரவும் இந்தப் பாடத்தின் இன்னொரு பக்கம்தான்.

கப்பல் ஆடிக்கிட்டே இருக்கும்போது ஆபரேஷன் எப்படி?

முடிந்தவரை செய்ய மாட்டோம். செய்தே ஆகவேண்டும் என்றால் கேப்டனிடம் சொன்னால், கப்பல் குறைவாக ஆடும்படி அலைக்கு ஏற்ற திசையும் வேகமும் வைத்துக்கொடுப்பார். பெரிய கப்பல்களில் தியேட்டரை ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் வைப்பார்கள். சிலிண்டர், தள்ளுவண்டி, நோயாளி எல்லாம் கட்டப்பட்டிருக்கும்.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில், பள்ளி மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போன ‘உகாண்டா’ என்ற கப்பலையே மருத்துவமனைக் கப்பலாக மாற்றினார்கள். கரையில் ஏஜாக்ஸ் பே என்ற இடத்தில், பழைய இறைச்சிக் குளிர்பதனக் கட்டடத்தில், ரிக் ஜாலி என்ற கடற்படை மருத்துவர் ஆபரேஷன் கூடம் நடத்தினார். வெடிக்காத குண்டுகள் அதே கட்டடத்தில் கிடந்தன. இரு தரப்பு வீரர்களுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது, இரு நாடுகளும் அவருக்கு விருது கொடுத்தன. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏற்றது, அறைக் காற்றையே உள்ளிழுத்து ஆவி மருந்தோடு கலந்து தரும் சின்னக் கருவி. கைக்கு அடக்கமானது, சிலிண்டர் இல்லாமலும் ஓடும். கீட்டமைன் என்ற மருந்தும் கைகொடுக்கும். மயக்கத்திலும் அது பெரும்பாலும் மூச்சை நிறுத்தாது, ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்கும்.

அத்தனை வருஷம் கழிச்சு மறுபடி படிக்கிறது கஷ்டமா இல்லையா? வயசாயிடுமே?

கஷ்டம்தான். மயக்கவியல் மேற்படிப்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 3 ஆண்டு, பிரிட்டனில் 7 ஆண்டு. கப்பலில் என் பேச்சுக்கு எழுந்து நின்றார்கள். தியேட்டரில் என்னைவிட ஆறு வயது சிறியவரிடம் குழாய் போடக் கற்றேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார். அந்த முதல் ஆண்டு கூச்சமாக இருந்தது. இரண்டாம் ஆண்டு மறந்துபோனது. கடற்படையிலேயே இருந்துகொண்டு மேற்படிப்புக்குப் போகும் வழியும் பல நாடுகளில் உண்டு. இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

கடலில் கத்துக்கிட்டது எது உதவிச்சு, எது உதவல?

உதவியவை நிறைய. காலையில் முதல் நோயாளி வருவதற்குமுன் இயந்திரத்தை வரிசையாகச் சோதிப்பது எனக்குப் பழக்கமாகவே இருந்தது. கப்பலில் உத்தரவு வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்வார், பிறகுதான் செய்வார். தியேட்டரிலும் மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். பொறுப்பு மாற்றும்போது நின்று, முகம் பார்த்து, முழுதாகச் சொல்கிறேன்.

உதவாதது ஒன்று, அது பெரியது. ஒன்பது ஆண்டுகள் கூப்பிட ஆளில்லாத இடத்தில் இருந்தவன் நான். எல்லாவற்றையும் நானே முடிக்க வேண்டும் என்பது எலும்பில் ஊறியிருந்தது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் இரவு ஒரு நோயாளிக்குக் குழாய் உள்ளே போகவில்லை. இரண்டு முறை முயன்றேன். நர்ஸ் ஃபோனைக் கையில் எடுத்து, சீனியரைக் கூப்பிடட்டுமா என்றார். இருங்கள், இன்னொரு முறை பார்க்கிறேன் என்றேன். அவர் காத்திருக்கவில்லை, கூப்பிட்டுவிட்டார். மூன்றாம் முயற்சியில் தொண்டை வீங்கத் தொடங்கியது, ஆக்ஸிஜன் இறங்கியது. சீனியர் ஓடிவந்து, முகமூடியாலேயே மூச்சுக் கொடுத்து நிலைமையை மீட்டு, அப்புறம் வேறு கருவியால் குழாயைப் போட்டார். நோயாளிக்குத் தொண்டை வலியோடு போனது. அந்த நர்ஸிடம் மறுநாள் போய் நன்றி சொன்னேன். சீனியர் பிறகு எனக்குச் சொன்னது: இங்கே நீ தனியாக இல்லை.

கடலில் கற்ற அந்த ஒன்றை மறக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இப்போது பயிற்சியில் இருப்பவர்களிடம், இரண்டாவது முயற்சிக்கு முன்பே கூப்பிடுங்கள் என்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வாய் காபி குடிச்சா என்ன ஆயிடும்?

மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் வேலை செய்யாது. வயிற்றில் உள்ளது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும், அமிலம் அதை எரித்துவிடும். அதனால்தான் பொதுவாகத் திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்று கணக்கு. பால் சேர்த்த காபி முதல் கணக்கில் வரும். தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள், நேரத்தைத் தள்ளிவைப்போம். அவசரம் என்றால் நிரம்பிய வயிற்றுக்கென்று தனி முறை இருக்கிறது, அதைச் செய்வோம். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

டாக்டர், நடுவுல முழிச்சுக்கிட்டா? கத்தவும் முடியாதாமே?

இந்தப் பயத்தை லேசாக எடுக்கக் கூடாது. நடக்கும், ஆனால் மிக அரிது. பிரிட்டனில் பெரிய அளவில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கணக்கில், ஏறக்குறைய 19,000 பொது மயக்கங்களில் ஒருவர் என்று வந்தது. பெரும்பாலும் தசை தளர்த்தும் மருந்து போட்ட இடங்களில்தான் நடக்கிறது. கிரிஃபித் தந்த வரத்தின் மறுபக்கம் இது. கியூராரே தசையைத்தான் கட்டிப்போடும், நினைவைத் தொடாது. இதை நிரூபிக்க 1947-இல் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருந்து டாக்டர், முழுதாகச் செயலிழக்கும் அளவைவிட இரண்டரை மடங்கு கியூராரேவைத் தனக்கே போடச் சொன்னார். செயற்கைச் சுவாசத்தில் படுத்திருந்தபடி, நடந்தது அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது என்று பிற்பாடு சொன்னார்.

அதனால் நாங்கள் நினைவை மறக்கடிக்கும் மருந்தைத் தனியாகக் கவனிக்கிறோம். மூச்சில் எவ்வளவு ஆவி மருந்து இருக்கிறது என்பதை இயந்திரம் ஒவ்வொரு மூச்சுக்கும் காட்டும். முன்பு உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். நம்புவோம்.

முந்தின நாள் பார்க்க வரும்போது உங்ககிட்ட என்னெல்லாம் சொல்லணும்?

உங்களுக்கோ ரத்த உறவில் யாருக்காவதோ மயக்க மருந்தால் தொந்தரவு வந்திருந்தால், அது எவ்வளவு பழைய கதையானாலும் சொல்லுங்கள். ஆடும் பல், கழற்றும் பல், பெரிய குறட்டை, சாப்பிடும் எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட. புகை, மது பற்றி உண்மையான அளவு. எதிலும் எங்களுக்குத் தீர்ப்பு இல்லை, மருந்தின் அளவுதான் மாறும்.

நோயாளிக்கு சர்ஜன் பேர்தான் ஞாபகம் இருக்கும். உங்களுக்கு வருத்தமா இருக்காதா?

ஆரம்பத்தில் இருந்தது. இப்போது இல்லை. கப்பலில் நல்ல குடிநீருக்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை, 200 பேருக்கு வயிற்றுப்போக்கு வராமல் இருந்தது அவ்வளவுதான்.

கடலை விட்டுட்டு வந்தது ஏக்கமா இல்லையா?

உண்டு. விடியலுக்கு முந்தைய வாட்சில் மேல்தளத்தில் நிற்கும்போது வரும் காற்று வேறெங்கும் கிடைக்காது. ஆனால் கூடவே கொண்டுவந்த ஒன்றும் இருக்கிறது. ஓடும் கப்பலில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே எல்லாரும் நன்றாகத் தூங்குவார்கள், சத்தம் நின்றால்தான் அத்தனை பேரும் விழிப்பார்கள். தியேட்டரில் ஆக்ஸிஜன் அளவுகாட்டி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒலி எழுப்பும், ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த ஒலியின் சுருதி இறங்கும். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், அது ஒரு படி இறங்கியதும் என் தலை தானாகத் திரும்பிவிடும்.